கோட்டுக்கு அந்தப் பக்கம் கை கூடாது

மங்கோ பெட்ரிக்குக் கால்கள் இருந்தன. இல்லையென்று யாரும் சொல்லவில்லை. நடக்க, நிற்க, கல்யாண வீட்டில் ஆட, எல்லாவற்றுக்கும் அவை தாராளமாகப் போதும். பந்தை உதைக்கத்தான் லாயக்கில்லை. வலக்காலால் உதைத்தால் பந்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்குள் போகும். இடக்காலால் உதைத்தால் பூட்ஸ் மட்டும் பறக்கும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். இப்படிப்பட்ட மனிதன் கால்பந்து ஆடிச் சம்பளம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்தினான் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள்.

அவன் கோல்கீப்பர். அந்தக் கைகளைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் கரி அள்ளும் ஷவல் அகலம் இருக்கும். அவன் ஊரான டன்லாக்கியின் கடைத்தெருவில் மிட்டாய்க்கடைக்காரி மற்றவர்களிடம் "ஒரு கை அள்ளிக்கோ" என்பாள்; மங்கோவைப் பார்த்தால் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

அன்றைய சட்டமும் அவனுக்கென்றே எழுதினாற்போல இருந்தது. கோல்கீப்பர் தன் பக்கத்துப் பாதி மைதானம் முழுக்கக் கையால் பந்தைத் தொடலாம். தூக்கிக்கொண்டு ஓடத்தான் கூடாது. இரண்டு எட்டுக்கு ஒருமுறை தரையில் தட்டிவிட வேண்டும். மங்கோ பந்தைத் தட்டிக்கொண்டு கோலை விட்டுக் கிளம்பினான் என்றால் நடுக்கோடு வரைக்கும் நிற்கமாட்டான். எதிரே வருகிறவன் மோதிப் பார்த்துவிட்டுச் சேற்றில் உட்கார்ந்துவிடுவான். கூட்டம் மொத்தமும் ஒவ்வொரு தட்டுக்கும் "ஹோய்! ஹோய்!" என்று கத்தும். நடுக்கோட்டில் நின்று அவன் ஒரு வீசு வீசினால் பந்து எதிரியின் கோல் வாசலில் போய் விழும். டன்லாக்கி அத்லெடிக் ஜெயித்த ஆட்டங்களில் பாதி இப்படி ஜெயித்தவைதான்.

அவனுக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டன்லாக்கியில் பிறந்த ஆண்பிள்ளைக்குச் சுரங்கத்தை விட்டால் கதியில்லை. மங்கோவும் மீசை முளைக்கும் முன்னே இறங்கியவன்தான். ஒருநாள் கூரை சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. கும்மிருட்டில், கரி வண்டி இழுக்கும் ஒரு நொண்டிக் குதிரைதான் அவனுக்குத் துணை. வெளியே எடுத்தபோது குதிரை சாதாரணமாக ஓட்ஸ் தின்றது. மங்கோவுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. அன்றிலிருந்து, அவ்வளவு பெரிய ஆள், கொல்லையில் இருக்கும் கரிக்கொட்டகைக்குள்கூடத் தனியாகப் போகமாட்டான். அவன் பெண்டாட்டி கிரிசெல்தான் வாளி எடுத்துக்கொண்டு போவாள். கொல்லன் மகள், ஆள் குள்ளம், குரல் அப்படியில்லை. பந்துதான் அவனைச் சுரங்கத்திலிருந்து வெளியே வைத்திருந்தது. பந்து போனால் மறுபடி கீழே.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் மண் விழுந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷக் கோடையில், சட்டம் போடும் பெரிய மனிதர்கள் எங்கேயோ கூடி, வயிறு நிறையச் சாப்பிட்டு, வேறு வேலை இல்லாமல் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். கோல்கீப்பர் இனி கோல் முன்னால் கோடு போட்டு வரைந்த பெனால்டி கட்டத்துக்குள் மட்டுமே கையால் தொடலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் கை கூடாது. பட்டால் எதிரிக்கு ஃப்ரீ கிக். அவர்களில் ஒருவராவது வாழ்க்கையில் ஒருநாள் கோலில் நின்றிருப்பாரா? நின்றிருந்தால் இப்படிச் செய்ய மனசு வந்திருக்காது.

சட்டத்தை மங்கோவுக்கு மூன்று பேர் படித்துக் காட்டினார்கள். அவனும் தலையை ஆட்டினான். ஆகஸ்டில் முதல் ஆட்டம். பந்து கைக்கு வந்தது. தட்டிக்கொண்டு கிளம்பினான். விசில் கேட்டது. யார் என்ன தப்புப் பண்ணினார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே ஓடினான். மறுபடி விசில். நடுக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது தனக்கு ஊதியது என்று தெரிந்தது. அந்த ஃப்ரீ கிக் கோலானது. அடுத்த வாரமும் அதே கதை. செப்டம்பர், அக்டோபர் என்று மாதம்தான் மாறியதே தவிர மங்கோ மாறவில்லை.

பக்கத்து ஊர் கிரெய்க்மூர்க்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா? மழை இல்லாத நாள் போல அபூர்வமாகத்தான் அவர்களுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும். "டன்லாக்கி கோல்கீப்பருக்கு ராத்திரி கட்டில் எங்க முடியுதுன்னு தெரியாதாம், தினம் கீழ விழுந்துதான் எந்திரிக்கிறானாம்" என்று சந்தையில் பேசிச் சிரித்தார்கள். டன்லாக்கியிலும் சிரித்தார்கள். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, நினியன் லோரிமர் மங்கோவின் வீட்டுக்கு வந்தார். லோரிமர் சுரங்கத்தின் மேலாளர். கால்பந்து கிளப்பின் தலைவரும் அவரே. இரண்டுக்கும் ஒரே தொப்பி, ஒரே முகம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பெட்ரி, உனக்கு அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?"

"தெரியுதுங்க ஐயா. ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப நல்லாவே தெரியுது."

"ஆடுறப்ப?"

"ஆடுறப்ப பந்துதான் தெரியுது."

லோரிமர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "சுண்ணாம்பு வாளி வாளியா கொட்டி வரைஞ்சிருக்கோமே, சாமி. பசு மாடுகூட மேயறப்ப ஒதுங்கிப் போகும்."

"அதுக்குக் கை இல்லியே ஐயா," என்றான் மங்கோ. குதர்க்கம் பேசும் எண்ணமே அவனுக்கு இல்லை. யோசித்துத்தான் சொன்னான்.

"சரி. புத்தாண்டு ஆட்டம் வரைக்கும் பாக்குறேன். அன்னிக்குக் கிரெய்க்மூர்க்காரனுங்க முன்னால கோட்டுக்கு வெளிய உன் விரல் பந்து மேல பட்டுச்சுன்னு வை, லீவு முடிஞ்சு சுரங்கம் திறக்குற அன்னிக்கு விளக்கோட வந்து நில்லு. எடம் போட்டு வச்சிருக்கேன்."

கதவு சாத்திக்கொண்டது. மங்கோ அப்படியே அடுப்போரம் உட்கார்ந்துவிட்டான். "புள்ளே, என்னால அந்த இருட்டுக்குள்ள போக முடியாது," என்றான். "செத்துப்போயிடுவேன்."

"நீ எங்கயும் போகப்போறதில்ல. எந்திரி," என்றாள் கிரிசெல்.

அவள் சுண்ணக்கட்டியை எடுத்து அடுப்பங்கரைத் தரையில் சுவருக்குச் சுவர் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அடுப்பு, மேஜை, நாற்காலி. அந்தப் பக்கம் வாசல்கதவு, மேல்சட்டை மாட்டும் ஆணி, ரொட்டி அலமாரி.

"இந்தாய்யா, நல்லாக் கேட்டுக்கோ. அடுப்புப் பக்கம் நிக்கிறப்ப உன் கை உன்னுது. கோட்டத் தாண்டிட்டே, உனக்குக் கையே கிடையாது. எதை எடுக்கணும்னாலும் கால், தலை, முழங்கால், என்ன வேணா பண்ணிக்கோ. கை பட்டுச்சு, அகப்பையாலயே போடுவேன்."

"கதவ எப்படிப் புள்ளே திறக்கிறது?"

"அது உன் பாடு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்த கூத்தைக் கேட்கவே வேண்டாம். மங்கோ கதவை முழங்காலால் தாழ் நீக்கப் பழகினான். மேல்சட்டையை ஆணியிலிருந்து பல்லால் எடுத்தான். ரொட்டி வேண்டுமென்றால் அலமாரியைத் தலையால் முட்டி, விழுகிற ரொட்டியைக் காலால் கோட்டுக்கு இந்தப் பக்கம் உருட்டிவிட்டு, பின்னாலேயே வந்து கையால் எடுத்துத் தூசி தட்டித் தின்பான். முதல் வாரம் கிரிசெலின் அகப்பைக்கு ஓய்வே இல்லை. காலைக் கஞ்சியை வேண்டுமென்றே அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "ஆறிப்போகுது, சாப்பிடு" என்பாள். பசி மயக்கத்தில் அவன் கை நீளும், அகப்பை இறங்கும்.

மத்தியானங்களில், மழையென்றும் பார்க்காமல், மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். கண்ணை மூடிக்கொண்டு கோலிலிருந்து நடக்க வேண்டும். கோடு வந்ததும் நிற்க வேண்டும். மங்கோ முதலில் கூட்டம் நிற்கும் வேலியில் போய் முட்டினான். பிறகு கொடிக்கம்பத்தில் முட்டினான். "நில்லுய்யா! எங்க கிளாஸ்கோவுக்கா போற?" என்று கிரிசெல் கத்துவது தெருமுனைக்குக் கேட்கும். ஆனால் அலுக்காமல் நடந்தான். வேறு எதற்கும் இல்லாத பிடிவாதம் இதற்கு வந்தது. ஊரே சிரிக்கிறதே என்ற ரோஷம், அதைவிடக் கீழே காத்திருக்கிற அந்த இருட்டு. இரண்டும் சேர்ந்து அவனை நடக்க வைத்தன.

இதற்கு நடுவில்தான் போதகர் ஹெப்பர்ன் வீட்டாரைச் சந்திக்க வந்தார். கிரிசெல் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மங்கோ அப்போதுதான் கதவைக் காலால் திறந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். போதகர் சிரித்த முகத்தோடு கையை நீட்டினார்.

மங்கோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்ன தம்பி, நல்லா இருக்கியா?" போதகரின் கை நீட்டியபடியே இருந்தது.

மங்கோவுக்கு வியர்த்தது. பின்கட்டிலிருந்து கிரிசெலுக்குக் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மங்கோதான் கதவருகே நடமாடுகிறான் என்று நினைத்தாள். "கை நீட்டினே, கொன்னுபோடுவேன்!" என்று அங்கிருந்தே ஒரு அதட்டல் போட்டாள்.

போதகர் சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார்.

வந்த பெரியவரை அவமதித்ததாக ஆகிவிடக் கூடாதே என்று மங்கோ தவித்தான். கை இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே. மரியாதையாகத் தலையைக் குனிந்து, வலது காலை அவர் முன்னால் நீட்டினான். போதகர் அந்தக் காலைப் பார்த்தார். மங்கோவின் முகத்தைப் பார்த்தார். "இன்னொரு நாள் வர்றேன்," என்று சொல்லி, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பற்றி. மங்கோவும் கிரிசெலும் முன்வரிசையில் உட்கார்ந்து, யார் வீட்டைச் சொல்கிறாரோ பாவம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் ஆட்டங்களில் மங்கோ தப்புப் பண்ணவில்லை. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த ஆட்டங்களில் பந்து கோட்டுக்கு வெளியே அவனிடம் வரவேயில்லை. கற்றுக்கொண்டானா இல்லையா என்பது ஊருக்கும் தெரியாது, கிரிசெலுக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது.

புத்தாண்டு விடிந்தது. டன்லாக்கிக்கும் கிரெய்க்மூருக்கும் புத்தாண்டு ஆட்டம் என்றால் சாமானியமில்லை. வருஷம் முழுக்கத் தோற்றாலும் அன்று ஒருநாள் ஜெயித்தால் போதும். அடுத்த வருஷம் வரை சந்தையில் நிமிர்ந்து நடக்கலாம். முதல்நாள் குடித்த விஸ்கி இறங்காத கண்ணோடு இரண்டு ஊரும் வந்து வேலியோரம் நெருக்கிக்கொண்டு நின்றன. பையில் கனத்த பழக் கேக், வாயில் வசவு.

பனியும் வந்தது. காலையில் தூறலாக ஆரம்பித்து, ஆட்டம் தொடங்கும்போது கொட்ட ஆரம்பித்தது. மைதானக்காரர்கள் துடைப்பத்தோடு கோடுகளைக் கூட்டிவிட்டார்கள். இடைவேளையிலும் ஒருமுறை கூட்டினார்கள். அதற்கப்புறம் அவர்களும் கைவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இரண்டாம் பாதியில் மைதானம் முழுக்க ஒரே வெள்ளை. கோடு எங்கே, கட்டம் எங்கே, ஒன்றும் தெரியவில்லை.

டன்லாக்கி ஒரு கோல் போட்டு முன்னணியில் இருந்தது. மங்கோ அதுவரை நன்றாகவே ஆடியிருந்தான். இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடித்தால் ஆட்டமும் கையில், வேலையும் கையில். கிரிசெல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபம் செய்தாளா வைதாளா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குப் புரியவில்லை.

அப்போதுதான் கிரெய்க்மூர் கேப்டன் ஸ்டோடார்ட் பந்தோடு தனியாக வந்தான். தடுக்க வந்த டன்லாக்கி ஆள் பனியில் வழுக்கி எங்கேயோ போனான். எதிரே மங்கோ மட்டும். ஸ்டோடார்ட் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தள்ளிவிட்டான். மங்கோ பாய்ந்தான்.

கோடு நினைவு, அகப்பை நினைவு, எதுவும் இல்லை. அந்தக் கைகளுக்கு என்ன தெரியுமோ அதைச் செய்தன. பந்தை அப்படியே வாரி மார்போடு அணைத்துக்கொண்டான். ஸ்டோடார்ட் அவன் மேல் ஏறி அந்தப் பக்கம் விழுந்தான்.

"வெளிய!" என்று கிரெய்க்மூர் மொத்தமும் கத்தியது. "உள்ள!" என்று டன்லாக்கி மொத்தமும் கத்தியது. உண்மையில் யாருக்கும் ஒரு இழவும் தெரியாது.

நடுவர் ஓடிவந்தார். மீசையெல்லாம் பனி. கீழே பார்த்தார், வெள்ளை. கோல் கம்பத்தைப் பார்த்தார், கோட்டை மனசில் அளந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் விசில் ஊத முடியாதுப்பா. ஆட்டம் நடக்கட்டும்."

டன்லாக்கி வேலியோரம் தொப்பிகள் பறந்தன. மங்கோ தப்பித்தான். பந்தை வீச வேண்டியது, அவ்வளவுதான் பாக்கி. வேலை நிலைத்தது, சுரங்கம் போனது.

ஸ்டோடார்ட் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே நடுவரிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "நீங்க எதுக்கு ஐயா கஷ்டப்படுறீங்க? இவனுக்கு வெயில் அடிக்கிறப்பவே கோடு எங்கன்னு தெரியாது. பனியில தெரியவா போகுது? இந்த ஜென்மத்துல இவனுக்குத் தெரியாது. விடுங்க."

கிரெய்க்மூர் பக்கம் சிரிப்பு வெடித்தது. டன்லாக்கி ஆட்டக்காரர்கள் இரண்டு பேர்கூடச் சிரித்துவிட்டார்கள், பாவிகள்.

மங்கோவின் காது சிவந்தது. ஆகஸ்டிலிருந்து கேட்ட சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்து நின்றாற்போல இருந்தது. அவனுக்குத் தெரியும்! பந்தை வாரிய அந்தக் கணமே பாதத்துக்குத் தெரிந்துவிட்டது. மழையில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து நடந்து, வேலியில் முட்டி, அகப்பையால் வாங்கி, கடைசியில் அது உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. அந்த மைதானத்தில் அத்தனை பேரில் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தபோது அவனுக்குத் தாங்கவில்லை.

"யாருக்குடா தெரியாது?" என்றான்.

"உனக்குத்தான்."

"எனக்கா தெரியாது?"

மங்கோ பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோலைப் பார்த்துத் திரும்பி இரண்டு எட்டு நடந்தான். நின்றான். பூட்ஸால் பனியை ஒரே ஒரு தள்ளு தள்ளினான். அடியில் புல். புல்லின் நடுவில், பளிச்சென்று, சுண்ணாம்புக் கோடு.

"இதோ இருக்கு!" என்று கத்தினான். முகமெல்லாம் பல். "இதோ பாருங்க ரெஃப்ரி ஐயா! கோடு இது. நான் பந்தப் புடிச்சது அங்க. ரெண்டு எட்டு வெளிய! சுத்தமா வெளிய!"

அத்தனை பெரிய கூட்டத்தில் பனி விழுகிற சத்தம் கேட்டது.

அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் எழுந்தது. கிரிசெல் வேலி மேல் ஏறி நின்றுகொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள்: "பாத்தீங்களா! பாத்தீங்களாடா எல்லாரும்! எம்புருஷனுக்குத் தெரியும்! பனிக்கடியிலயும் தெரியும்!"

நடுவர் பெருமூச்சு விட்டு விசிலை ஊதினார்.

ஸ்டோடார்டே ஃப்ரீ கிக் எடுத்தான். மங்கோவின் விரல் நுனியில் பட்டுப் பந்து உள்ளே போனது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. அதற்குள் டன்லாக்கிக்காரர்கள் மங்கோவின் தலைமுறையையே இழுத்து வைது முடித்துவிட்டார்கள். பனி உருண்டைகள் வந்தன. தின்றுமுடிக்காத இறைச்சி ரொட்டி ஒன்றும் வந்தது. புத்தாண்டு தினத்தில் பலகாரத்தை வீசுவது சின்ன விஷயமில்லை.

உடை மாற்றும் அறையில் மங்கோ பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமெல்லாம் வடிந்துபோய் இப்போது அந்த இருட்டு மட்டும்தான் கண்முன் இருந்தது. லோரிமர் வந்து நின்றார். மற்ற ஆட்டக்காரர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு சட்டை மாற்றினார்கள்.

"விளக்கு வீட்டுல இருக்குங்க ஐயா," என்றான் மங்கோ, நிமிராமலே. "தொடச்சு எடுத்துட்டு வந்துடறேன்."

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமில்ல?"

"இருந்திருக்கலாங்க."

"ரெஃப்ரியே வேணாம்னு விட்டுட்டார். ஜெயிச்ச ஆட்டம்! பின்ன எதுக்குய்யா நீயா போய்த் தோண்டினே?"

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னான் ஐயா. எனக்குத் தெரியும்." மங்கோ பூட்ஸைக் கீழே வைத்தான். "நெசமாவே தெரிஞ்சிருச்சு ஐயா."

லோரிமருக்குக் கோபம் என்னவோ குறையவில்லை. "அப்ப லீவு முடிஞ்சதும்..." என்று ஆரம்பித்தார்.

வெளியே ஒரே கூச்சல். கலைந்து போகும் கூட்டத்தில் கிரெய்க்மூர்க்காரன் எவனோ, "பைத்தியத்தப் புடிச்சு கோல்ல நிறுத்தியிருக்கானுங்க!" என்று சொல்லிவிட்டான். சொன்னவன் பக்கத்தில் நின்றது, சற்றுமுன் இறைச்சி ரொட்டியை வீசிய அதே டன்லாக்கிக் கிழவர்.

"யாரடா பைத்தியம்கிற?" என்று அவர் பாய்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. "நாங்க திட்டுவோம். எங்க ஆளு. நீ யாருடா? உங்க ஊர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஜெயிச்ச ஆட்டம் போகும்னு தெரிஞ்சும் நெசத்தச் சொல்லுவானா? உங்க கோல்கீப்பருக்குப் பனிக்கடியில மைதானத்தயே கண்டுபிடிக்கத் தெரியாதுடா!"

"அப்படிக் கேளு!" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. பிறகு தொப்பி விழும் சத்தம், ஆள் விழும் சத்தம்.

லோரிமர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கிரெய்க்மூர் கிளப்பின் தலைவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கொழுத்த மனிதர், சிரிப்பை அடக்கத் தெரியாதவர். "லோரிமர், துக்கம் விசாரிக்க வந்தேன்," என்றார். "இந்த ஆளச் சுரங்கத்துக்கு அனுப்பப் போறீங்களாமே? சரியான முடிவு. நாங்களா இருந்தா ஆகஸ்டுலயே அனுப்பியிருப்போம்."

லோரிமரின் முகம் கழுத்திலிருந்து மேலே மெல்லச் சிவந்தது. மேலாளரானாலும் அவரும் டன்லாக்கியில் பிறந்தவர்தானே.

"யாரு சொன்னது?" என்றார்.

"ஊரே சொல்லுதே..."

"எங்க ஊர் ஆயிரம் சொல்லும். அது எங்களுக்குள்ள. பெட்ரி எங்க கோல்கீப்பர். அடுத்த சனிக்கிழமையும் அவன்தான், அடுத்த வருஷமும் அவன்தான். உங்களுக்கு என்ன வந்துச்சு? கதவு அந்தப் பக்கம் இருக்கு."

அவர் போனபிறகு லோரிமர் மங்கோவை முறைத்துப் பார்த்தார். சொன்ன சொல் சொன்னதுதான். இரண்டு கிளப் ஆட்களும் கேட்டாயிற்று. "இன்னொரு தடவை ரெஃப்ரி கேக்காம வாயத் தொறந்தே, நானே உன்னக் குழிக்குள்ள தள்ளுவேன்," என்று சொல்லிவிட்டு, தொப்பியை அழுத்திக்கொண்டு வெளியே போனார். வெளிச் சண்டையில் அவரும் ஒரு கை கொடுத்ததாகப் பிறகு கேள்வி.

மங்கோவும் கிரிசெலும் பனியில் வீட்டுக்கு நடந்தார்கள்.

"ஏய்யா," என்றாள் கிரிசெல். "கோட்டத் தோண்டிக் காட்டுனப்போ சுரங்கம் நெனப்பே வரலியா உனக்கு?"

"வரல புள்ளே. சத்தியமா வரல. சந்தோஷமா இருந்துச்சு, அவ்ளோதான். விசில் ஊதினப்புறம்தான் நெனப்பு வந்துச்சு." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "உனக்கு வந்துச்சா?"

கிரிசெல் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்கும் வரல," என்றாள். "வேலி மேல நின்னு கத்தி முடிச்சப்புறம்தான் வந்துச்சு. கீழ எறங்க முடியல. ஆளுங்கதான் தூக்கி எறக்கி விட்டாங்க."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் அழுது மங்கோ பார்த்ததே இல்லை. அதைப் பார்த்து அவனும் அழுதான். கையைக் கோத்துக்கொண்டு, இரண்டு பேரும் விக்கி விக்கி அழுதபடி கடைத்தெரு வழியாக நடந்துபோனார்கள். எதிரில் வந்தவர்கள் கோல் வாங்கின துக்கமாக்கும் என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.